உழக்கா, உரியா, படியா

ஒரு மணி நேரம் அதைத் தொடக் கூடாது
என்றாள் செர்மா.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஆட்டுத்தோல் அங்கியில் சுற்றி
கைப்பிள்ளையாய் அவன் தூக்கி வந்த கணினிப் பெட்டி
கடைச் சூட்டில் வியர்த்துக்கொண்டிருந்தது.
ஈரம் காயுமுன் மின்சாரம் கொடுத்தால்
கதை முடிந்தது.

உலான்பாட்டர். மின்பொருள் சந்தை. மூன்றாம் மாடி.
ஆறடிக்கு நாலடிக் கடை.
உப்புத் தேநீர் இரண்டு கோப்பை.
அவன் பெயர் ஞம்சுரேன்,
தெற்கே சுரங்கத்திலிருந்து கரி ஏற்றி
எல்லைவரை லாரி ஓட்டுபவன்.

அறுபத்து நாலு வேண்டும், என்றான்.
அறுபத்து நாலு எதற்கு?
பெரிதாயிற்றே.

நாலு ஓர் ஆழாக்கு என்று வையுங்கள்.
எட்டு உழக்கு, பதினாறு உரி,
முப்பத்திரண்டு ஒரு படி.
நம் பழைய அளவைகளும்
இப்படித்தான் இரட்டித்து இரட்டித்து ஏறின.
செர்மாவுக்கு அந்தச் சொற்கள் தெரியாது,
கணக்கு தெரியும்.
அவளுடைய ரசீது இயந்திரம்
ஓர் ஆழாக்கில் ஒன்பது வருடமாக
முனகிக்கொண்டே பிழைக்கிறது.

வீட்டில் அதை யார், எதற்கு?
மனைவி கணக்கு எழுதுவாள்.
இன்ச்சோனில் இருக்கும் மைத்துனியோடு முகம் பார்த்துப் பேசுவாள்.
மகள் தெமூலன் பாடம் படிப்பாள்,
நாற்பது ஜன்னல் திறந்து ஒன்றையும் மூடமாட்டாள்.
இரவில் விளையாட்டு.
வில்லை இழுக்கும் நேரம் பார்த்துப்
படம் திக்குகிறதாம்.
திக்கு தெளிவதற்குள் செத்துவிடுகிறாளாம்.

இருபது டன் கரியை
நாற்பது டன் வண்டியில் ஏற்றினால்
சீக்கிரம் போய்ச் சேருமா?
சேராது. டீசல்தான் கூடுதல்.
பத்து டன் வண்டியில் ஏற்றினால்?
பாதியை வழியில் இறக்கிவைத்து
திரும்பி வந்து எடுக்க வேண்டும்.
அதுதான், என்றாள்,
அந்தத் திக்கல்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.
மாதத்தில் இருபது நாள் நான் ரோட்டில்.
கடையில் இருப்பதிலேயே பெரியது எதுவோ
அதை மாட்டிவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று
எந்த மொழியில் சொன்னாலும்
அந்த நேரத்தில் அது குத்தும்.
மணி ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

நான்கு திருகாணி. பக்கத் தகடு.
உள்ளே சாணி வறட்டிப் புகையும் நாய்முடியும்
சேர்ந்து திரித்த சாம்பல் பஞ்சு.
தூரிகையால் தள்ளினாள்.
இரண்டு உழக்குப் பட்டைகள்:
ஒன்று நேராக,
மற்றது ஒரு முனை தூக்கி,
பஸ்ஸில் பாதி இடம் கிடைத்தவன் மாதிரி.
எப்போது நகர்த்தினீர்கள் பெட்டியை?
இலையுதிர் காலத்தில். வீடு மாறினோம்.

கட்டைவிரலால் அழுத்தினாள்.
டக்.

திரையில் எட்டு இருந்த இடத்தில் பதினாறு.
போதுமா?
இன்றைக்கு இது தாராளம்.
விளையாட்டுகள் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போகின்றன,
தெமூலன் புதிதாக எதையாவது கேட்டால்
அப்போது ஒரு படி போடலாம்.
அதற்கு மேல் கேட்டால்
அவள் படம் வெட்டி ஒட்டும் தொழிலுக்குப் போகிறாள் என்று பொருள்,
அப்போது அவளே சம்பாதித்து வாங்கட்டும்.

அவன் சிரிக்கவில்லை.
எண்ணி எடுத்து வந்திருந்த நோட்டுக் கட்டை
மறுபடி எண்ணினான்,
குறையாமல் இருப்பதே குறையாய்ப்பட்டது அவனுக்கு.
தேநீருக்காவது வாங்கிக்கொள், என்றான்.
அதை வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கடைக்குத் தொலைபேசி.
சின்னக் குரல், கறாரான குரல்:
அப்பாவுக்கு நீங்கள் சரிசெய்து கொடுத்த கணினி.
நான் இன்னும் செத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

படம் திக்குகிறதா?
இல்லை.
ஒலி?
சுத்தமாக இருக்கிறது. எல்லாம் சரளம்.
யார் கொல்கிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள்,
எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

சற்று நேரம் இரு பக்கமும் பேச்சில்லை.
அதற்கு என்னிடம் பட்டை இல்லையே, என்றாள் செர்மா.
தெரியும், என்றது குரல்.
சும்மா கேட்டுப் பார்த்தேன்.